வாகனக் கேள்வி பதில்: மிதித்துக்கொண்டு நின்றால் உள்ளே போகும் பிரேக்

கேள்வி: அண்ணே, எனக்கு வீடு கொட்டகலையில், வேலை ஹட்டனில். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள பழைய சின்னக் கார் வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக, பிரேக்கை மிதித்துக்கொண்டு சந்தியில் நின்றால் பெடல் மெல்ல மெல்ல உள்ளே போகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் மேலே வந்துவிடுகிறது. கராஜில் இரண்டு தடவை பிரேக் பைப்புக்குள் இருக்கும் எயாரை எடுத்தார்கள். அன்றைக்கு நன்றாக இருக்கிற மாதிரி தெரியும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். பிரேக் ஒயில் குறையவே இல்லை. இப்போது பாஸ், லைனரும் பேடும் மாற்றிப் பார்ப்போம் என்கிறார். மாற்றலாமா?

பதில்: தேய்ந்திருந்தால் மாற்றுங்கள் தம்பி, ஆனால் இந்த வியாதிக்கு அது மருந்தில்லை. மிதித்து நிற்கும்போது மெல்ல இறங்குகிறது, ஒயிலும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் மாஸ்டர் பம்ப் மேல்தான், அதாவது பெடலை மிதிக்கும்போது ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பம்ப். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பில் வாஷர் காய்ந்துபோனால் என்ன ஆகும்? கைப்பிடி இறங்கும், காற்று டயருக்குப் போகாமல் பக்கவாட்டில் பின்னால் வந்துவிடும். இங்கேயும் அதே கதைதான். பிஸ்டனில் இருக்கும் ரப்பர் தேய்ந்து, ஒயில் அதைத் தாண்டி பம்புக்குள்ளேயே திரும்பி வந்துவிடுகிறது, வெளியே ஒரு சொட்டும் விழாது. பட்டென்று பலமாக மிதித்தால் ரப்பரின் விளிம்பு விரிந்து பிடித்துக்கொள்ளும், மெதுவாக மிதித்தால்தான் கசியும். பாஸ் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு 'பிரேக் பிடிக்கிறதே' என்று சொல்வதும் அதனால்தான்.

நீங்களே சோதிக்கலாம். சமதரையில் சக்கரங்களுக்குக் கல் வைத்து, என்ஜினை நிறுத்திவிட்டு, பெடல் கல்லு மாதிரி ஆகும்வரை நான்கைந்து தடவை மிதியுங்கள். பிறகு மிதமான அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருங்கள். இறங்கினால் ஒன்று வெளியே ஒழுகுகிறது, இல்லாவிட்டால் பம்ப் உள்ளே விடுகிறது. (பிடித்தபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் கொஞ்சம் இறங்கும். அது நம் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் வேலை செய்வதற்கு அடையாளம், பயப்பட வேண்டாம்.) டயர்களின் உள்பக்கம், ஹோஸ், டிரம்முக்குள் இருக்கும் சின்ன சிலிண்டரின் ரப்பர் மூடி எல்லாவற்றையும் பாருங்கள். பம்பும் பூஸ்டரும் சேரும் இடம் ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும் மறக்காதீர்கள். எல்லாம் காய்ந்திருந்தால், பம்பிலிருந்து போகும் பைப்புகளைக் கழற்றி அந்தத் துவாரங்களை அடைப்பான் போட்டு இறுக்கிவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள். அப்போதும் பெடல் இறங்கினால் குற்றவாளி பம்ப்தான். அசையாமல் நின்றால் பம்ப் சரி, கோளாறு அதற்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது.

ரப்பர் செட் மட்டும் மாற்றினால் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உள்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தால் போதும். துருக் குழி இருந்தால் புது ரப்பரையும் அது சீக்கிரம் தின்றுவிடும், ஆகவே முழுப் பம்பையும் மாற்றுவதே மேல். எயார் எடுக்கும்போது பெடலை ஒரேயடியாக அடிமட்டம்வரை மிதிக்கிறார்களே, பழைய பம்புக்கு அது எமன். வழக்கமாக ரப்பர் போகாத கடைசிப் பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும், அதில் உரசினால் நல்ல ரப்பரும் கிழியும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பம்ப் சரியாகும்வரை வண்டியை எடுக்காதீர்கள். ஹட்டனுக்கு பஸ் இருக்கிறது.

கேள்வி: நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும்போது றம்பொடையில் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அரை மணி நேரம் நின்ற பிறகு சரியாகிவிட்டது. கராஜில் ஒன்றுமில்லை என்கிறார்கள். என்ன காரணம்?

பதில்: ஒயில் கொதித்திருக்கிறது. மழைக்காலத்தில் நம் வீட்டு உப்புப் போத்தல் எப்படிக் கசியுமோ அப்படித்தான் பிரேக் ஒயிலும், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 3 (போத்தலில் DOT 3 என்று போட்டிருக்கும் தரம்) ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கான கணக்கு 140 டிகிரிதான். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பளை வரைக்கும் பிரேக்கிலேயே இறங்கினால் டிஸ்க் பழுத்து, ஒயிலில் ஆவிக் குமிழி கட்டி, நீங்கள் மிதிப்பதெல்லாம் அந்தக் குமிழியை நசுக்கத்தான் போகும். ஆறினால் குமிழி மறைந்துவிடும். அப்புறம் கராஜில் என்ன இருக்கும்?

எனக்கும் இது நடந்தது. வண்டி நிறைய கரட்டும் லீக்ஸும், பக்கத்தில் மச்சான். பெடல் தரையைத் தொட்டது. இரண்டாம் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஒரு தேயிலைக் கடை வாசலில் நிறுத்தினேன். மறுநாள் ஒயிலை இறக்கிப் பார்த்தால் அசல் பிளேன்டீ நிறம். இஞ்சி மட்டும்தான் இல்லை. இப்போதெல்லாம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன், மலை ஏறிய அதே கியரிலேயே இறக்கத்திலும் இறங்குகிறேன். நீங்களும் ஒயில் முழுவதையும் மாற்றுங்கள். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது.

கேள்வி: அவசரத்துக்கு பிரேக் ஒயிலுக்குப் பதிலாக என்ஜின் ஒயில் ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. ஏற்கனவே ஊற்றிவிட்டீர்களா? பிரேக் ஒயில் டேங்க் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பரைப் பாருங்கள். அது ஊதிப் பெருத்து, மூடிக்குள் திரும்ப உட்கார மறுத்தால் பம்பிலும் சக்கரங்களிலும் உள்ள ரப்பருக்கும் அதே கதிதான். ரப்பர் எல்லாம் மாற்றவேண்டி வரும். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். லொறியில் ஏற்றி கராஜுக்கு அனுப்புங்கள்.