வயிற்றுக்குள் மறந்துபோன ஸ்டெண்ட்: யாரைக் கேட்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"என் கணவருக்கு 46 வயது. செம்பனைக் குலை வெட்டுகிறார். போன வருஷம் கம்பெனி இன்சூரன்ஸில், ஒரு தனியார் மருத்துவமனையில், கல் இருக்கிறது என்று பித்தப்பையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் வயிறு உப்பி, வலியில் துடித்தார். பித்தநீர் கசிகிறது என்று சொல்லி அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வாய் வழியாகக் கேமரா விட்டு உள்ளே ஸ்டெண்ட் என்று ஒரு சின்னக் குழாயை வைத்ததும் சரியாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கடிதம் தந்து, தனியாரிலேயே போய்ப் பார்க்கச் சொன்னார்கள். கடிதத்தைக் கவுண்டரில் கொடுத்தோம். டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு 'எல்லாம் நல்லா இருக்கு' என்று அனுப்பிவிட்டார். ஏழு மாதம் கழித்துக் குளிர்காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது. ஸ்டெண்ட் அடைத்துக் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்று பெரியாஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் போட்டார்கள். பிழைத்து வந்தார். ஆபரேஷன் செய்த டாக்டர் மேல் கேஸ் போடலாமா? தனியாரிலோ, நாங்கள் தேதிக்குப் போகவில்லையாம், எங்கள் தப்பாம். இன்சூரன்ஸ் போக மீதிப் பாக்கியைத் தள்ளுபடி செய்கிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?"

அம்மா, இவ்வளவு பட்ட பிறகு "உங்கள் தப்பு" என்று சொன்னது எனக்கே வலிக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில், எதை வைத்து வழக்குப் போடுவது என்பதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். நீங்கள் கேட்டது ஆபரேஷனைப் பற்றி. உங்கள் வழக்கு பெரும்பாலும் அங்கே இல்லை.

பித்தப்பையை எடுத்த இடத்தில் பித்தநீர் கசிவது, நல்ல கைப்பழக்கமுள்ள டாக்டருக்கும் நேரக்கூடியது. வெட்டிக் கிளிப் போட்ட குழாயின் முனையிலிருந்தோ, ஈரலை ஒட்டியுள்ள ஒரு மெல்லிய குழாயிலிருந்தோ கசியும். கசிவு ஏற்பட்டது என்பதை மட்டும் வைத்து நீதிமன்றம் கவனக்குறைவு என்று சொல்லிவிடாது. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் டாக்டர் நடந்துகொண்ட விதத்தை, அதே துறையில் பொறுப்புள்ள மற்ற டாக்டர்கள் ஒப்புக்கொள்வார்களா, அந்தக் கருத்து நியாயமானதா என்றுதான் பார்ப்பார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2017 இல் இதை மறுபடியும் உறுதி செய்தது. மூன்றாம் நாளிலேயே கண்டுபிடித்து மாற்றி அனுப்பியிருப்பதும் அவர்களுக்குச் சாதகமான விஷயம்.

ஆபரேஷனுக்கு முன் ஆபத்துகளைச் சொன்னார்களா என்பது வேறு கேள்வி. அதற்கு அளவுகோலும் வேறு. கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஃபூ ஃபியோ நா என்ற நோயாளியின் வழக்கிலிருந்து, நோயாளி முடிவெடுக்கத் தேவையான ஆபத்துகளை அவரிடம் சொல்வது டாக்டரின் கடமை, போதுமான அளவு சொன்னாரா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும். ஆனால் சொல்லியிருந்தால் உங்கள் கணவர் ஆபரேஷனே வேண்டாம் என்றிருப்பாரா? கல் வலியில் இருந்தவர் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நிரூபிப்பது கஷ்டம். இதில் நான் அதிக நம்பிக்கை வைக்கமாட்டேன்.

உங்கள் வழக்கின் உயிர் அந்த ஸ்டெண்டில் இருக்கிறது.

கேமரா விட்டுச் செய்த, இ.ஆர்.சி.பி. என்ற அந்தச் சிகிச்சையில் பித்தக் குழாய் குடலில் திறக்கும் வாய்க்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை வைக்கிறார்கள். பித்தநீர் தடையில்லாமல் குடலுக்குள் இறங்குவதால் கசிந்த இடத்தில் அழுத்தம் குறைந்து, அது தானாக ஆறிவிடும். ஆறியதும் குழாயை எடுத்தாக வேண்டும். வழக்கமாக நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் திரும்ப எண்டோஸ்கோப்பி செய்து எடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு மேல் போனால் பிளாஸ்டிக் ஸ்டெண்ட் அடைத்துக்கொள்ளும் என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அடைத்தால் நடப்பது உங்கள் கணவருக்கு நடந்ததுதான். காய்ச்சல், நடுக்கம், கண் மஞ்சள், உயிருக்கே ஆபத்து. ஸ்டெண்டை ஏழு மாதம் உள்ளே விட்டது சரிதான் என்று சொல்லும் டாக்டரைத் தேடிப் பிடிப்பது அவர்களுக்கு லேசாக இருக்காது.

நீங்கள் அனுப்பிய படங்களில் டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில், பேனாவில் கிறுக்கியிருப்பதைப் பாருங்கள். "டி.சி.ஏ. 6/52" என்று இருக்கிறது. அது ஃபைல் நம்பர் என்று நினைத்ததாக எழுதியிருந்தீர்கள். இந்நாட்டு மருத்துவமனைகளில் அதற்குப் பொருள், ஆறு வாரத்தில் திரும்ப வரவும். கீழே 52 இருந்தால் வாரம், 12 இருந்தால் மாதம், 7 இருந்தால் நாள். அதற்குப் பக்கத்திலேயே ஸ்டெண்ட் உள்ளே இருக்கிறது என்றும், அனுப்பிய மருத்துவமனையே எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சுருக்கெழுத்தில் எழுதியிருக்கிறது. அந்தச் சீட்டை லாமினேட் செய்யாதீர்கள், அதன் மேல் எதுவும் எழுதாதீர்கள். அசலை ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

இந்தச் சீட்டு இரண்டு பக்கமும் வெட்டும். "எழுதித்தானே கொடுத்தோம்" என்பார்கள். ஆனால் ஒரு தோட்டத் தொழிலாளி படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதவில்லை, தமிழிலோ மலாயிலோ யாரும் வாயால் விளக்கவில்லை என்பது உங்கள் பதில். கடிதம் தனியார் டாக்டரின் கைக்குப் போயிருந்தால் அவர்கள் பாடு இன்னும் மோசம், அவர்களுக்கு அது நன்றாகப் புரியும். தையலை மட்டும் பார்த்து அனுப்பிய அன்று அந்தக் கடிதம் ஃபைலில் இருந்ததா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வழக்கு தெளிந்துவிடும்.

அதனால் முதல் வேலை, தனியார் மருத்துவமனையின் ரெக்கார்டைக் கேட்டு வாங்குவது. நோயாளியே கையெழுத்திட்டு எழுத்து மூலம் கேளுங்கள். ஆபரேஷன் குறிப்பு, கிளினிக் குறிப்பு, வந்த கடிதங்கள், அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும் என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். 2010 ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் கேட்பதாக ஒரு வரி சேருங்கள். அச்சட்டப்படி பொதுவாக 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். அரசாங்க மருத்துவமனைக்கு அச்சட்டம் பொருந்தாது. அங்கே ரெக்கார்ட் பிரிவில் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, மருத்துவ அறிக்கை கேளுங்கள்.

அப்புறம் "அந்த டாக்டர் எங்கள் ஊழியர் இல்லை, இங்கே அறை எடுத்து நடத்துபவர்" என்று தனியார் மருத்துவமனை சொல்லும். அந்தக் கதவைக் கூட்டரசு நீதிமன்றம் 2024 இல் பெருமளவு அடைத்துவிட்டது. நோயாளியைக் கவனிக்கும் கடமையை மருத்துவமனை டாக்டரின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது என்பது தீர்ப்பு. ஆகவே டாக்டரையும் மருத்துவமனையையும் சேர்த்தே எதிர்வாதியாக்க வேண்டும்.

காலக்கெடுவில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். தீபகற்ப மலேசியாவில் தனியார் மேல் வழக்குப் போட 6 ஆண்டு உண்டு. அரசாங்க மருத்துவமனை மேல் என்றால் 36 மாதம்தான். ஸ்டெண்ட் வைத்தவர்கள் தாங்களே ஒரு தேதி கொடுக்காமல் விட்டதையும் கேட்க வேண்டியிருக்கலாம் என்பதால், அந்த 36 மாதத்தை மனதில் வைத்தே எல்லாவற்றையும் நடத்துங்கள். "எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2018 இல் வந்த அந்தச் சலுகை உடல் காயம் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கு இல்லை. ஸ்டெண்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் தப்பா? நோயாளியின் பங்கும் இருந்தால், 1956 ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12 ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் அந்த அளவுக்கு இழப்பீட்டைக் குறைக்கலாம். வழக்கையே தள்ளிவிடாது. நீங்கள் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள், சொன்ன நாளில் கிளினிக்குக்குப் போனீர்கள், "நல்லா இருக்கு" என்று டாக்டர் சொன்னதை நம்பினீர்கள். இதில் உங்கள் தப்பு என்று எனக்கு எதுவும் தெரியவில்லை.

சம்பள இழப்புக்கு ஆபீஸ் கிராணியிடம் ஆபரேஷனுக்கு முந்தைய ஒரு வருஷச் சம்பளச் சீட்டும் செக்ரோல் (வேலை, கூலிப் பதிவேடு) நகலும் வாங்குங்கள். குலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு மாதாமாதம் தொகை மாறும், சராசரிதான் பேசும். ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களுக்குச் சம்பளம் வெட்டியிருந்தால் அது தனிப் புகார். வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு ஆண்டுக்கு 60 நாள் வரை மருத்துவமனை விடுப்பைச் சம்பளத்தோடு தருகிறது. 2023 இலிருந்து அது சாதாரண எம்.சி. (நோய் விடுப்பு) நாட்களில் கழியாது. தொழிலாளர் இலாகாவில் சொல்லுங்கள்.

"ஜெயித்தால் முப்பது விழுக்காடு" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஜெயித்த தொகையில் பங்கு கேட்டு வழக்கு நடத்த இங்கே வழக்கறிஞருக்கே அனுமதியில்லை. செலவுக்கு வழியில்லை என்றால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் விசாரியுங்கள். இரு மருத்துவமனைகளோடும் சம்பந்தமில்லாத ஒரு மருத்துவ நிபுணரின் கருத்து இல்லாமல் இந்த வழக்கை நடத்துவது கஷ்டம், பெரிய செலவும் அதுதான். மலேசிய மருத்துவ மன்றத்திலும் புகார் கொடுக்கலாம். டாக்டர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பார்கள், பணம் வாங்கித் தரமாட்டார்கள்.

கடைசியாக அந்தப் பேப்பர். போடாதீர்கள். "முழு இறுதித் தீர்வு" என்ற ஒரு வரி அதில் இருந்தால் பாக்கித் தள்ளுபடியோடு உங்கள் உரிமையெல்லாம் முடிந்துவிடும். ஸ்டெண்டை எடுத்துவிட்டாலும் கதை முடிந்தது என்று இன்னும் சொல்ல முடியாது. குழாயில் காயம் இருந்திருந்தால் மாதங்கள், சில சமயம் வருஷங்கள் கழித்தும் அங்கே சுருக்கம் விழலாம். இழப்பீடு ஒரு முறைதான் கிடைக்கும். பிறகு வேறு வியாதி வந்தது என்று திரும்பப் போய்க் கேட்க முடியாது. பெரியாஸ்பத்திரியில் ஈரல் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் கொடுத்திருக்கும் தேதிகளுக்குத் தவறாமல் போங்கள், குழாய் நன்றாக இருக்கிறது என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதற்குள் மறுபடி காய்ச்சலோ மஞ்சளோ வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே எமர்ஜென்சிக்குப் போங்கள். தனியாரிலிருந்து மறுபடி போன் வந்தால், எதுவானாலும் கடிதமாக அனுப்பச் சொல்லுங்கள்.