டி.எஸ்.ஹெச். ஏறினால் உடனே மாத்திரையா?

கேள்வி: எனக்கு வயது 38. எப்போதும் களைப்பு. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 6.8 என்றும், ஃப்ரீ டி4 இயல்பு என்றும் வந்தது. ‘சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம்’ என்கிறார்கள். ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டுமா?

பதில்: இப்போதே அப்படி முடிவு கட்ட வேண்டாம். டி.எஸ்.ஹெச். தைராய்டில் சுரப்பதல்ல; மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டை வேலை வாங்குவதற்காகச் சுரப்பது. தைராய்டு கொஞ்சம் தளர்ந்தாலே பிட்யூட்டரி அழுத்தம் கொடுக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் சுரப்பு குறையும்போது டி.எஸ்.ஹெச். ஏறுகிறது. உங்களுக்கு அழுத்தம் கூடியிருக்கிறது, ஆனால் தைராய்டின் ஹார்மோனான டி4 இன்னும் போதிய அளவு சுரக்கிறது.

பெரியவர்களுக்கு டி.எஸ்.ஹெச். பொதுவாக 0.4 முதல் 4.0 வரை இருக்கலாம். பரிசோதனைக் கூடத்துக்குக் கூடம் இது சற்று மாறும். காய்ச்சல் போன்ற நோயிலிருந்து தேறி வரும்போது தற்காலிகமாக ஏறும். ஒரே நாளிலேயே இரவிலும் அதிகாலையிலும் கூடுதலாகவும், பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். ஆகவே இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே கூடத்தில், ஏறக்குறைய அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். கூடவே டி.பி.ஓ. ஆன்டிபாடியும் (தைராய்டுக்கு எதிராக உடம்பே உருவாக்கும் எதிர்ப்புரதம்) பார்க்கச் சொல்லுங்கள். டி.எஸ்.ஹெச். கூடி, ஆன்டிபாடியும் இருப்பவர்களில் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் பேருக்கு முழுமையான தைராய்டு குறைபாடு வருகிறது.

மறுபரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 10-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மாத்திரை தொடங்குவார்கள். 10-க்குள் என்றால் வயது, ஆன்டிபாடி, கழுத்து வீக்கம், கர்ப்பத் திட்டம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 6, 7 என்பது வயதோடு வரும் ஏற்றமாகவே இருக்கலாம்.

களைப்புக்கு வேறு காரணமும் தேடுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), பி12, சர்க்கரை நான்கையும் பார்க்காமல் 6.8 மேல் பழி போடுவது சரியல்ல. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் தைராய்டு மாத்திரை அதைத் தீர்க்காது.

கேள்வி: தைராய்டு மாத்திரையான லெவோதைராக்ஸின் 75 மைக்ரோகிராம் தினமும் தவறாமல் போடுகிறேன். ஆனாலும் டி.எஸ்.ஹெச். ஒருமுறை 9, அடுத்த முறை 2. டோஸை ஏற்றினால் படபடப்பு வருகிறது. எங்கே கோளாறு?

பதில்: டோஸில் கை வைக்கும் முன், மாத்திரை எப்படி உள்ளே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். இது குடலில் எளிதில் தடைபடும் மருந்து. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபிகூடக் கூடாது. காபியோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, அமிலமுறிவு மருந்து மூன்றுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். பான்டப்ரசோல், ஒமிப்ரசோல் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இடைவெளி விட்டாலும் பிரச்சினை தீராது. வயிற்றில் அமிலம் குறைவதால் மாத்திரை சரியாகக் கரைவதில்லை. அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

காலையில் இவ்வளவு கட்டுப்பாடு முடியாதென்றால், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போடலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம்.

அடுத்தது, பரிசோதனை செய்யும் காலம். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். டோஸ் மாற்றிய இரண்டாவது வாரத்தில் ரத்தம் கொடுத்தால் வரும் எண், பாதி வழியில் இருக்கும் எண். அதைப் பார்த்து மறுபடி டோஸை மாற்றினால் ஊஞ்சலாட்டம்தான். ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். மாத்திரையின் பிராண்டை மாற்றினாலும் இதே கணக்கு.

பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். போட்ட சில மணி நேரம் ஃப்ரீ டி4 கூடுதலாகக் காட்டும். முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல கருவிகளில் அது டி.எஸ்.ஹெச்.சைப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். உங்களுக்கு வந்த அந்த 2 அப்படிப்பட்டதா என்று யோசியுங்கள்.

படபடப்பை அலட்சியப்படுத்தாதீர்கள். டோஸ் அதிகமாகி டி.எஸ்.ஹெச். 0.1-க்குக் கீழே போய் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்; எலும்பும் தேயும். மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் எண் ஏறி இறங்கினால் சீலியாக் நோய் (கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படுவது), ஹெலிகோபாக்டர் கிருமியால் வரும் இரைப்பை அழற்சி போன்றவற்றைத் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: தைராய்டு மாத்திரை எடுத்துவரும் நிலையில் கர்ப்பம் உறுதியாகியிருக்கிறது. குழந்தைக்கு ஆகாது என்று நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள். முதல் மூன்று மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான் வருகிறது. சொல்லப்போனால் உங்கள் தேவை இப்போது 25 முதல் 30 சதவீதம் கூடும். வாரத்துக்கு ஏழு மாத்திரை போட்டவர்களை ஒன்பதாக ஏற்றச் சொல்வது வழக்கம். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் பேசி டோஸை முடிவு செய்யுங்கள். கர்ப்பத்தின் பாதி வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், 30-ஆவது வாரத்தையொட்டி ஒருமுறையும் டி.எஸ்.ஹெச். பார்க்க வேண்டும், 2.5-க்குள் இருப்பது நல்லது. பிரசவம் முடிந்ததும் பழைய டோஸுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் மறுபரிசோதனை. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.