ஒரே மயக்கத்தில் மூன்று அறுவை சிகிச்சையா?

கேள்வி: வயது 43, காரைக்குடி. பிரசவம் இரண்டும் சிசேரியன். ஐந்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தொங்கும் வயிறு, இடுப்புக் கொழுப்பு, தளர்ந்த மார்பு மூன்றையும் சென்னையில் ஒரே நாளில் சரிசெய்துவிடலாம், செலவும் குறையும் என்கிறார்கள். மூன்றாம் நாள் பல்லவன் ரயிலில் ஊர் திரும்ப நினைக்கிறேன். பத்து வாரத்தில் நாத்தனார் மகள் கல்யாணம். செய்யலாமா?

பதில்: சேர்த்துச் செய்வதே தப்பு என்று சொல்ல மாட்டேன். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு வயிறும் மார்பும் ஒன்றாகச் செய்வது வழக்கம்தான். ஒரே மயக்கம், ஒரே ஓய்வு. ஆனால் எத்தனை சிகிச்சை என்பதைவிட, மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேளுங்கள். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் நான் தயங்குவேன். உடல் சூடு இறங்கும், ரத்த இழப்பு கூடும், அசையாத கால்களில் ரத்தம் உறையும்.

அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அழகு சிகிச்சைகளில் இதற்கு அதிகம் பயப்பட வேண்டியது வயிற்றுச் சிகிச்சையில்தான். தசையை இழுத்துத் தைத்து, மேலே பெல்ட்டும் போடும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, காலிலிருந்து ரத்தம் மேலேறுவது மந்தமாகும். இந்த நிலையில் ஆறேழு மணி நேரம் ரயிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வரவே கூடாது. முதல் ஒரு வாரமாவது மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்குங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். பழனிப் பாதயாத்திரைக்கோ கோயில் விசேஷத்துக்கோ மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போடுவீர்களா? அதுவும் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். ‘அதெல்லாம் சும்மா ரெண்டு நாள் மாத்திரைதானே’ என்று பலர் டாக்டரிடம் சொல்வதே இல்லை. கருத்தடை மாத்திரை, நரம்புச் சுருட்டல், வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டு வந்திருந்தால் அது, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. தோலைப் பிரித்து இழுத்துத் தைக்கும் இடத்தில் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு. அங்கேயே கொழுப்பையும் நிறைய உறிஞ்சினால் தையல் ஓரம் கறுத்துப் புண்ணாகலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்க்காமல் தேதி குறிக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

என் யோசனை: கல்யாணம் முடியட்டும். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. கல்யாண வேலைகளுக்கு நடுவே அது நடக்காது. அப்புறம் முதலில் வயிறு, மூன்று நான்கு மாதம் கழித்து மார்பு. செலவு இரண்டு தடவைதான், அதை மறைக்கவில்லை. காப்பீடும் பொதுவாகக் கிடைக்காது.

எப்போது செய்தாலும் ஒன்று. வீடு வந்த பிறகும் சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ வாயுப்பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-க்கு அழையுங்கள்.