ட்ரேவா, கென்ட்ரிக்கா? வீட்டுக்குள் ஒரு சூப்பர் பவுல் சண்டை

கேள்வி: எனக்கு வயது 47. 2000-ல் மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்து நியூ ஜெர்சியிலேயே தங்கிவிட்டேன். அறை நண்பர்கள் போட்டுப் போட்டு டாக்டர் ட்ரே, ஸ்னூப் டாக், எமினெம் என்ற ராப் பாடகர்களின் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். 2022-ல் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளை இசை நிகழ்ச்சியில் அவர்களை ஒரே மேடையில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. 2025-ல் அதே மேடையில் இளைய ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் பாடியது எனக்கு வெறும் இரைச்சலாகப் பட்டது. அதைச் சொன்னதும் என் 16 வயது மகன், “உங்களுடையது ரிட்டயர் ஆனவங்க ஆண்டுவிழா” என்றான். அன்றிலிருந்து பாட்டுப் பேச்சை எடுத்தாலே சண்டைதான். யார் பக்கம் நியாயம்?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, உங்களுக்குக் கண் கலங்கியதில் ஆச்சரியமே இல்லை. கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட்டில் அன்று ஒலித்த பாடல்களில் பெரும்பாலானவை 1995-க்கும் 2003-க்கும் இடையில் வந்தவை. நீங்கள் இளைஞராகி, ஊரை விட்டு வந்து, புது நாட்டில் கால் ஊன்றிய வருடங்கள் அவை. சரியாக உங்கள் வயதுக்காரர்களுக்காகவே கட்டிய நிகழ்ச்சி அது. ‘50 சென்ட்’ என்ற ராப் பாடகர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாட ஆரம்பித்ததும் உங்கள் தலைமுறையே சோபாவை விட்டு எழுந்திருக்கும். மகனுக்கு அந்தச் சிலிர்ப்பு வரவில்லை என்றால் அது அவன் குற்றமல்ல.

ஆனால் உங்கள் நினைவில் அந்த நிகழ்ச்சி கொஞ்சம் இனிப்பாகிவிட்டது என்று நினைக்கிறேன். எமினெம் பாடி முடித்து ஒரு காலை மண்டியிட்டு அமர்ந்தாரே, அது 2016-ல் காலின் கேப்பர்னிக் என்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் இனவெறிக்கு எதிராகத் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டதை நினைவூட்டிய செயல். அன்றும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அதற்கும் பின்னால் போனால், 1989-ல் ட்ரே இருந்த என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் பாட்டைக் கண்டித்து எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் அவர்களுடைய இசை நிறுவனத்துக்குக் கடிதமே எழுதினார். அதே ஆண்டு ராப் இசைக்கு முதல்முறையாகக் கிராமி விருது கொடுத்தார்கள். ஆனால் அதை வழங்கும் காட்சியை டிவியில் காட்டவில்லை. இரைச்சல், ஆபத்து என்று ஒதுக்கப்பட்ட ஆள்தான் 33 வருடம் கழித்து வெள்ளைப் பியானோ முன் உட்கார்ந்து, உங்களைப் போன்ற குடும்பஸ்தர்களை அழவைத்தார்.

இப்போது 2025-க்கு வருவோம். நியூ ஆர்லியன்ஸ் மேடையில் அமெரிக்காவின் உருவகமான ‘அங்கிள் சாம்’ வேடத்தில் நடிகர் சாமுவேல் எல். ஜாக்சன் வந்து, ரொம்பச் சத்தம், அடக்கமே இல்லை என்று கென்ட்ரிக்கைத் திட்டினார், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் சொன்ன குறை அந்த நிகழ்ச்சிக்குள்ளேயே ஒரு பாத்திரமாக நின்றது. சிவப்பு, வெள்ளை, நீல உடையில் கறுப்பின நடனக் கலைஞர்கள் சேர்ந்து அமெரிக்கக் கொடியாக நின்றார்கள். அந்தக் கொடி நடுவில் இரண்டாகப் பிளந்தது. கென்ட்ரிக்கின் வேகத்தில் வரிகளைப் பிடிப்பது முதல்முறை பார்ப்பவருக்குக் கஷ்டம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். கொண்டாட்டம் என்று பார்த்தால் 2022-க்குத்தான் என் ஓட்டு. ஒரு மேடைப் படைப்பாகப் பார்த்தால் 2025 இன்னும் ஆழமானது. முதல் பார்வையிலேயே இரைச்சல் என்று தள்ளிவிடாதீர்கள்.

உங்கள் மகனும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ரிட்டயர் ஆனவங்க’ மேடையில் கென்ட்ரிக்கும் இருந்தார்! ட்ரே, கென்ட்ரிக் இருவருமே கலிஃபோர்னியாவின் காம்ப்டன் ஊர்க்காரர்கள். 1995-ல் ட்ரேவும் டூபாக் என்ற ராப் பாடகரும் காம்ப்டனில் ஒரு பாட்டுக்குப் படப்பிடிப்பு நடத்தியபோது, எட்டு வயதுப் பையனாக அப்பாவோடு போய்ப் பார்த்ததைக் கென்ட்ரிக்கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பின்னாளில் 2012-ல் அவருடைய முதல் பெரிய ஆல்பத்தை வெளியிட்டதில் ட்ரேயின் நிறுவனமும் சேர்ந்திருந்தது. ட்ரே இல்லாமல் உங்கள் மகனின் நாயகன் இந்த இடத்துக்கு இவ்வளவு சுலபமாக வந்திருக்க மாட்டார்.

ஆகவே, யார் பெரியவர் என்ற பேச்சைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். “எங்க காலத்துல” என்று தொடங்கும் வாக்கியம் எதுவும் வேண்டாம். ஒரு சனிக்கிழமை ராத்திரி 2022 பதிவைப் போட்டு, கென்ட்ரிக் வரும் இடத்தில் நிறுத்துங்கள். அவரோடு ஆடுபவர்கள் கறுப்புக் கோட்டின் குறுக்கே ஒரு பட்டை போட்டிருப்பார்கள். அதில் ‘ட்ரே டே’ என்று ட்ரேயின் பழைய பாட்டு ஒன்றின் பெயர் எழுதியிருக்கும். அது என்ன என்று மகனிடமே கேளுங்கள். அவனுக்குத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்; அந்தப் பாட்டை முதன்முதலில் எந்த அறையில், யாரோடு கேட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பையன்களுக்கு அப்பாவின் இருபது வயதைப் பற்றிக் கேட்கப் பிடிக்கும். அப்புறம் 2025 நிகழ்ச்சியை அவனையே போடச் சொல்லுங்கள். இந்த முறை சப்டைட்டிலோடு பாருங்கள். புரியாத வரி வந்தால் நிறுத்தி அவனிடம் கேளுங்கள்.