62 எடுத்த மாணவன் அடுத்த தேர்வில் 57 எடுத்தால்?
ஆசிரியப் பயிற்சி மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கற்பித்தல் பயிற்சிக்காக நான் போகும் வகுப்பில் பல வாரங்களாக மாதிரி வினாத்தாள் மட்டுமே நடக்கிறது. இந்தப் பொதுவான தேர்வுகள் தேவைதானா?

தேர்வு தேவை. எல்லோருக்கும் ஒரே வினா, ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் ஒருவருக்கு எளிய கேள்வியும் அடுத்தவருக்குக் கடினமான கேள்வியும் வந்துவிடும். 1845-ல் பாஸ்டன் பள்ளிகளில் எழுத்துத் தேர்வு நுழைந்தபோது, அமெரிக்கக் கல்விச் சீர்திருத்தவாதி ஹோரஸ் மான் அதற்காக முன்வைத்த வாதங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் ஒரு தாளில் வரும் 40 வினாக்கள் ஓராண்டுப் பாடத்திலிருந்து எடுத்த ஒரு சிறு பகுதி மட்டுமே. அந்த 40-ஐப் போன்றவற்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தால் மதிப்பெண் கூடும், பாடம் அதே இடத்தில் நிற்கும். ஓர் அளவீட்டை நம்பி முடிவுகள் எடுக்க எடுக்க அந்த அளவீடே கெட்டுப்போகும் என்று சமூக அறிவியலாளர் டொனால்டு கேம்பெல் 1970-களில் எச்சரித்தது இதைத்தான். விடைத்தாளில் வட்டத்தை நிரப்புவது, நேரத்தைப் பங்கிடுவது போன்றவற்றைப் பழக்க இரண்டு மூன்று மாதிரித் தேர்வுகள் போதும்.

கேள்வி: ஒரு மாணவன் முதல் தேர்வில் 62, அடுத்ததில் 57. பின்தங்கிவிட்டான் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 10, நம்பகத்தன்மை (திரும்ப வைத்தாலும் அதே முடிவு வருமா என்பதன் அளவு, உச்சம் 1) 0.91 என்று வைத்துக்கொள்வோம். நல்ல தேர்வுதான். 1-லிருந்து 0.91-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.3, அதை 10-ஆல் பெருக்கினால் 3. இதுதான் அளவீட்டுப் பிழை. 62 என்பதை 59 முதல் 65 வரை என்று படிக்க வேண்டும். அதுவும் மூன்றில் இரண்டு பங்கு உறுதியோடுதான். இரண்டு மதிப்பெண்களைக் கழிக்கும்போது இரண்டின் பிழையும் சேர்ந்து (3-ன் வர்க்கத்தை இருமுறை கூட்டி வர்க்கமூலம் எடுத்தால்) ஏறத்தாழ 4.2 ஆகிறது. வித்தியாசம் அதன் ஏறத்தாழ இரு மடங்கான 8-ஐத் தாண்டினால்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். இரண்டு தாள்களும் ஒரே அளவு கடினமாக இருந்தால்தான் இந்தக் கணக்கே பொருந்தும். ஒரு பிள்ளையைக் கீழ்ப்பிரிவுக்கு மாற்றும் முடிவை இப்படி ஒரே எண்ணை வைத்து எடுப்பது அநியாயம்.

கேள்வி: விடைத்தாள்கள் கையில் இருக்கின்றன. அவற்றை வைத்து என்ன செய்யலாம்?

இங்கேதான் ஆசிரியரின் வேலை தொடங்குகிறது. தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே 27 சதவீதமும் கீழே 27 சதவீதமும் தனியே எடுங்கள். 40 பேர் என்றால் பக்கத்துக்கு 11. ஒரு வினாவுக்கு மேல்குழுவில் 9 பேரும் கீழ்குழுவில் 3 பேரும் சரியாக எழுதியிருந்தால், எளிமை அளவு (சரியாக எழுதியவர்களின் பங்கு) 12-ஐ 22-ஆல் வகுத்த 0.55, பாகுபடுத்தும் திறன் (நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது) இரு குழுக்களின் வித்தியாசமான 6-ஐ 11-ஆல் வகுத்தது, அதுவும் 0.55. நல்ல வினா. பாகுபடுத்தும் திறன் 0.20-க்குக் கீழே போனால் வினாவைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கழித்தல் குறியில் வந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தவறு இருக்கும், இல்லையென்றால் வினா இரண்டு பொருள் தரும். சிறிய வகுப்பில் ஒரே மாணவர் மாறினாலும் இந்த எண் 0.09 நகர்ந்துவிடும், எனவே இரண்டாவது தசமத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

அடுத்து, தவறான விடைகளை எண்ணுங்கள். '0.4, 0.35, 0.125 இவற்றில் பெரியது எது?' என்ற வினாவில் 0.125 என்று குறித்தவர், இலக்கம் கூடினால் எண்ணும் பெரிது என்று நினைக்கிறார். ஆனால் 0.4 என்று சரியாகக் குறித்தவர்களிலும், இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்று தவறாக நம்புகிறவர் இருக்கலாம். அவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும்! '0.46, 0.3, 0.125' என்று இன்னொரு வினா சேர்த்தால் அவர் 0.3 என்று குறித்து வெளிப்படுவார். மறுநாள் யாருக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

கேள்வி: 69-வது பெர்சென்டைல் என்றால் 69 மதிப்பெண்ணா?

இல்லை. நூற்றில் 69 பேரைவிட மேலே என்று பொருள். சராசரி 50, திட்ட விலக்கம் 10 உள்ள மணி வடிவ இயல்நிலைப் பரவலில் 50-லிருந்து 55-க்கு உயர்ந்தால் பெர்சென்டைல் 50-லிருந்து 69-க்குத் தாவும். 70-லிருந்து 75-க்கு உயர்ந்தாலோ 98-லிருந்து 99-க்குத்தான் போகும். பெற்றோரிடம் பேசும்போது இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளை நீளமான வாக்கியக் கணக்கில் திணறுகிறாள். தேர்வின்போது விளக்கலாமா?

தேர்வின்போது கூடாது, ஒருவருக்கு மட்டும் விளக்கினால் மற்றவரோடு ஒப்பிட முடியாது. முடிந்த பிறகு அதே கணக்கை வாசித்துக் காட்டிச் செய்யச் சொல்லுங்கள். செய்துவிட்டால், அவளுக்குத் தேவைப்படுவது வாசிப்புப் பயிற்சி.