ஜன்னலோர வேலைக்கு 400 நிட்டா, 2.5கே திரையா?

கேள்வி: தமிழில் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறேன். வயது 47. மதுரையில் வீட்டு முன்தாழ்வாரத்தில், கிரில் கேட்டை ஒட்டித்தான் பகல் முழுக்க உட்காருவேன். பழைய லேப்டாப்பின் திரை மங்கிவிட்டது. புதிதாகப் பார்த்ததில் இரண்டு 14 அங்குல மாடல்கள் ஏறத்தாழ ஒரே விலை. ஒன்று 1920 × 1200, 400 நிட். இன்னொன்று 2560 × 1600 (இதைத்தான் 2.5கே என்கிறார்கள்), 300 நிட். எழுத்து தெளிவாகத் தெரிய இரண்டாவதுதான் நல்லது என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?

பதில்: 400 நிட் மாடலையே வாங்குங்கள். கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை. இரண்டாவது திரையில் எழுத்து இன்னும் கூர்மையாக இருக்கும்தான். ஆனால் அது கடையின் டியூப்லைட் வெளிச்சத்துக்குப் பொருந்தும் பேச்சு. நீங்கள் வேலை செய்யப்போவது தாழ்வாரத்தில், பகல் 11 மணிக்கு.

நிட் என்பது திரை எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பதன் அளவு. ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு: வெள்ளைத்தாள் மேல் விழும் லக்ஸில் ஏறக்குறைய கால் பங்குதான் அந்தத் தாளின் நிட். நல்ல விளக்குள்ள அலுவலக மேஜையில் 500 லக்ஸ் இருக்கும், தாள் சுமார் 125 நிட்டில் தெரியும். அங்கே 250 நிட் திரையே தாராளம். பகலில் திறந்த தாழ்வாரத்தில் 2000 லக்ஸ் வருவது சாதாரணம். அப்போது நீங்கள் பக்கத்தில் வைத்திருக்கும் மெய்ப்புத்தாள் 500 நிட் அளவுக்குப் பளிச்சென்று இருக்கும். அந்தத் தாளுக்குப் பழகிய கண் திரைக்குத் திரும்பினால், 300 நிட் வெள்ளை அழுக்காகத் தெரியும். 400 நிட்டும் தாளை எட்டிவிடாது. ஆனாலும் படிக்கச் சிரமமில்லாத அளவுக்குக் கிட்டே வந்துவிடும். ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் ஒருமுறை பாருங்கள். துல்லியமாக இருக்காது, இந்த முடிவுக்கு அது போதும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பும்போது வெள்ளைப் பின்னணியோடும் சேர்கிறது, கறுப்பு எழுத்தோடும் சேர்கிறது. கறுப்பு சாம்பலாகிவிடுகிறது. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். வெளுத்துப்போன எழுத்தில் அதைத் தேடித்தேடியே மதியத்துக்குள் கண் களைத்துவிடும். பிக்சலை, அதாவது திரையில் படத்தை உருவாக்கும் புள்ளிகளை, கூட்டுவதால் இது தீராது. ஒன்று திரையின் வெளிச்சம் கூட வேண்டும், இல்லையென்றால் அதில் பிரதிபலிப்பு குறைய வேண்டும். எனவே 400 நிட் மாடல் மேட் திரைதானா என்று கட்டாயம் கேளுங்கள். பளபளக்கும் கண்ணாடித் திரை என்றால் கிரில் கம்பி ஒவ்வொன்றும் உங்கள் வாக்கியங்களுக்கு நடுவே தெரியும்.

சரி, 1920 × 1200-இல் தமிழ் எழுத்து நன்றாக இருக்குமா? 14 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 162 பிக்சல். மற்றது 216. குறையில்லாத பார்வை 60 சென்டிமீட்டர் தூரத்தில் அங்குலத்துக்கு 145 பிக்சல் வரை தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். 50 சென்டிமீட்டருக்கு நெருங்கினால் 175. ஆக, 162 கிட்டத்தட்ட அந்த எல்லையிலேயே இருக்கிறது. எழுத்தின் அளவை வைத்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். தாளில் 11 பாயின்ட் எழுத்துக்கு உள்ள உயரத்தில், 1366 × 768 கொண்ட பழைய 15.6 அங்குலத் திரை 15 பிக்சல்தான் தரும். அதில் 'ஞ'வின் உள்சுழியும் 'ஸ்ரீ'யின் வளைவும் அடைத்துக்கொள்ளும். 162 பிக்சல் திரையில் அதே உயரத்துக்கு 25 பிக்சல் கிடைக்கிறது, 216-இல் 33. 15-லிருந்து 25-க்குப் போவது பெரிய மாற்றம், சுழிகள் திறந்துவிடும். 25-லிருந்து 33-க்குப் போனால் விளிம்புகள் வழவழப்பாகும். அது சுகம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் மெய்ப்புப் பிழையைக் கண்டுபிடிக்க அது அவசியமில்லை.

ரெசல்யூஷன், அதாவது திரையின் மொத்தப் பிக்சல் எண்ணிக்கை, கூடினால் திரையில் இடம் கூடும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். எழுத்து பொடியாவதைப் பொறுத்துக்கொண்டால்தான் அது நடக்கும். ஸ்கேலிங்கை (எழுத்தைப் பெரிதாக்கும் அமைப்பை) மாற்றி எழுத்தை ஒரே உயரத்தில் வைத்தால் இரண்டு திரைகளிலும் ஒரே எண்ணிக்கை வரிகள்தான் தெரியும். வெள்ளெழுத்து தொடங்கும் வயதில் நீங்கள் எழுத்தைப் பெரிதாக்கத்தான் போகிறீர்கள்.

பேட்டரியிலும் வெளிச்சமான திரைக்கே சாதகம். எல்சிடி திரையில் பிக்சல் சிறிதாகும்போது அவற்றுக்கிடையிலான சர்க்யூட் அடைக்கும் இடம் கூடும், பின்விளக்கின் வெளிச்சம் வெளியே வருவது குறையும். அதே வெளிச்சத்துக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்படும்.

நீங்கள் வீட்டுக்குள், ராத்திரி வேளையில் வேலை செய்பவர் என்றால் யோசிக்காமல் 2560 × 1600 வாங்கச் சொல்லியிருப்பேன், 300 நிட் அங்கே போதும். திரை 16 அங்குலமாக இருந்தாலும் என் பதில் மாறலாம், ஏனென்றால் அதில் 1920 × 1200 என்பது அங்குலத்துக்கு 141 பிக்சலாக இறங்கிவிடும். யாராவது 250-ஐ விட 300 நிட் மேல் என்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அந்த வித்தியாசம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. பின்விளக்கு இல்லாமல் பிக்சலே ஒளிரும் ஓலெட் திரைகளையும் காட்டுவார்கள். நிறம் அருமையாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் பளபளப்பானவை. வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் சில ஓலெட் திரைகள் கண்ணுக்குப் புலப்படாமல் மினுங்கி, சிலருக்குத் தலைவலி தரும். அட்டை வடிவமைப்பு, புகைப்பட வேலையும் செய்வதாக இருந்தால் மட்டும் 100% எஸ்ஆர்ஜிபி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எஸ்ஆர்ஜிபி, என்டிஎஸ்சி இரண்டும் திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதன் அளவுகோல்கள். 45% என்டிஎஸ்சி திரையில் நிறம் சோகையாக இருக்கும், எழுத்து வேலைக்கு அதனால் பாதகமில்லை.

கடையில் சார்ஜரைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தை முழுதாக வைத்து, லேப்டாப்பை வாசல் பக்கம் கொண்டுவந்து ஒரு தமிழ்ப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது சில லேப்டாப்கள் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, பிரைட்னஸ் என்று போனால் அதை நிறுத்தும் வசதி பல மாடல்களில் இருக்கும். வீட்டில் கேட்டுக்கு முதுகு காட்டியும் உட்கார வேண்டாம், கேட்டைப் பார்த்தும் வேண்டாம். வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும்.

அப்புறம், ஒரே பெயரில் விற்கும் லேப்டாப்பில் 250, 300, 400 நிட் என்று வெவ்வேறு திரைகள் வருவதுண்டு. பில் போடும் முன் பெட்டி ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் அடித்து, உங்களுக்குத் தரும் பெட்டியில் இருப்பது 400 நிட் திரைதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.