கர்ப்பத்தின் 23ஆம் வாரத்திலேயே பிறக்கும் குழந்தையைப் பிழைக்கவைக்க நர்சுகள் தயங்குவது ஏன்? அது சரியா?

தயக்கம் இருப்பது உண்மைதான். எந்தக் குழந்தைகள் அவர்கள் கண்ணில் படுகிறார்கள் என்பதில்தான் அதன் வேர் இருக்கிறது.

23 வாரக் குழந்தை பெரும்பாலும் 500, 600 கிராம்தான் இருக்கும். தோல் முதிர்ந்திருக்காது; டியூபை ஒட்டிய பிளாஸ்டரைப் பிரித்தால் தோலும் உரிந்து வரும். குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது, சளி உறிஞ்சுவது எல்லாம் பெரும்பாலும் நர்ஸ் கையால்தான் நடக்கிறது. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார், சிஸ்டர் ஷிஃப்ட் முழுக்க இன்குபேட்டர் பக்கத்திலேயே நிற்பார். எது சரி என்று மனசுக்குப் பட்டும், நிர்வாகமோ மேலதிகாரமோ தடுப்பதால் அதைச் செய்ய முடியாமல் போகும் உளைச்சலை ஆண்ட்ரூ ஜேமட்டன் என்ற தத்துவ அறிஞர் 1984இலேயே விவரித்திருக்கிறார். பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியு) அது அன்றாடம்.

தேறி வீட்டுக்குப் போன குழந்தை ஐந்து வயதில் ஓடி விளையாடுவதை இவர்கள் பார்ப்பதில்லை. மூச்சுத்திணறலோடோ, மூளையில் நீர் கோத்து அதை வடிக்கும் குழாய் (ஷன்ட்) வைக்கவோ திரும்பி வருபவர்களைத்தான் பார்க்கிறார்கள். அதனால் பிழைக்கும் வாய்ப்பைக் குறைத்தும் ஊனத்தைக் கூட்டியும் கணிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது (டாக்டர்களும் இதற்கு விலக்கில்லை). 1995இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 25 வாரமும் அதற்குக் குறைவாகவும் பிறந்தவர்களைப் பின்தொடர்ந்தது எபிக்யூர் ஆய்வு. அதில் பிழைத்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு இரண்டரை வயதில் ஊனம் எதுவும் இல்லை; ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கடுமையான ஊனம். இரண்டாவது எண்ணை மட்டும் நினைவில் வைத்துப் பேசுவது பெற்றோருக்குச் செய்யும் அநியாயம். 1999இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், கடுமையான ஊனத்தோடு வாழும் வாழ்க்கைக்குப் பெற்றோர் கொடுத்த மதிப்பைவிட டாக்டர்களும் நர்சுகளும் குறைவாகவே கொடுத்தார்கள்.

தயக்கம் மனசில் இருக்கலாம், பிரசவ அறையில் கையில் இருக்கக்கூடாது. முழு முயற்சி என்று முடிவானால் குழந்தையின் நுரையீரல் முதிர உதவும் ஸ்டீராய்டு ஊசி தாய்க்கு முன்பே போயிருக்க வேண்டும்: டெக்ஸாமெத்தசோன் என்றால் 6 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. குழந்தையைத் துடைக்காமலே கழுத்துவரை பாலித்தீன் பையில் வைத்துத் தொப்பி போட வேண்டும். உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக்கூடாது. மூச்சு இல்லையென்றால் முதல் 60 நொடிக்குள் மாஸ்க்கில் நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை காற்று, அழுத்தம் 20–25 செ.மீ. நீர். மார்பு அசையவில்லையே என்று பதறி அழுத்தத்தை ஏற்றுவதற்கு முன் மாஸ்க் சரியாகப் படிந்திருக்கிறதா, தலை நேராக இருக்கிறதா பாருங்கள். அதிக அழுத்தத்தில் நுரையீரல் கிழியும். மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டியிருந்தால் 2.5 மி.மீ. சைஸ்.

‘எப்படியும் பிழைக்காது’ என்று மெதுவாகச் செய்வதுதான் இருப்பதிலேயே மோசம். குளிர்ந்து, ஆக்ஸிஜன் இல்லாமல் கிடந்த குழந்தை பிழைத்துவிட்டால், பயந்த ஊனத்தை நாமே சேர்த்து அனுப்பியதாகும். முயற்சி வேண்டாம் என்பது முடிவென்றால் அதையும் முழுசாகச் செய்யவேண்டும்: வெதுவெதுப்பாகச் சுற்றித் தாயின் நெஞ்சில் வைப்பது, மானிட்டரும் ஊசியும் இல்லாமல்.

முடிவை வாரக்கணக்கு மட்டும் வைத்து எடுக்கக்கூடாது. முதல் மூன்று மாத ஸ்கேனிலேயே ஒரு வாரம் வரை முன்பின் ஆகலாம். நம் ஊரில் முதல் ஸ்கேனே தாமதமாக எடுத்திருந்தால் ‘22 வாரம்’ என்பது 24ஆகவும் இருக்கலாம். பிரிட்டனின் 2019 வழிகாட்டுதல் எடை, ஆணா பெண்ணா, ஒற்றையா இரட்டையா, ஸ்டீராய்டு கொடுத்தாயிற்றா எல்லாம் சேர்த்து எடைபோடச் சொல்கிறது. மரணமோ கடும் ஊனமோ நேரும் அபாயம் 50 முதல் 90 சதவீதம் என்ற இடைநிலையில், பெற்றோர் விருப்பமே பெரும்பாலும் வழிகாட்ட வேண்டும் என்பது அதன் நிலை.

நர்ஸ் மனப்பான்மையை மாற்ற வகுப்பெடுப்பதைவிட, தேறிப்போன குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்கும் ஃபாலோ-அப் கிளினிக்கில் சுழற்சி முறையில் டியூட்டி போடுவது பயன் தரும் என்பது என் கருத்து. பிரசவத்துக்கு முன் பெற்றோரிடம் டாக்டர் பேசும்போது நர்சும் கூட இருக்கட்டும். மனசாட்சி ஒப்பாதவர் டியூட்டி மாற்றத்தை அப்போதே கேட்டுவிட வேண்டும்; பிரசவ அறைக்குள் வந்தபின் கேட்க நேரமில்லை.